ராஜா எந்திரிக்கட்டுமா?

ஹலோ... ஹலோ... ஆங், கேக்குதுடா, சொல்லு... அக்காதான் பேசறேன், என் போன்ல வேற யார் பேசுவாங்க... இல்ல, வீட்ல இல்ல. வெளிய வந்திருக்கோம்... அப்பாவா? பத்திரமா இருக்காரு... ஆமா... ஆமாண்டா. காலையில நீ வாசல்ல இறக்கிவிட்டுட்டுப் போன மாதிரியே, எந்தச் சேதாரமும் இல்லாம இருக்காரு. கூரியர்காரனாவது நின்னு கையெழுத்து வாங்கிட்டுப் போவான். நீ பெல்லை அடிச்சிட்டு, நான் வந்து கதவத் திறக்கறதுக்குள்ள வண்டியத் திருப்பிட்டே...

சரி... சரிப்பா, அவசர மீட்டிங். ஞாயித்துக்கிழமை அவசர மீட்டிங். நான் எதாவது சொன்னேனா... இப்பவும் மீட்டிங்லதான் இருக்கியா?... ஓ... இல்ல, உங்க ஆபீஸ்ல மிக்ஸி ஓடற சத்தம் கேக்குது. அதான் கேட்டேன்...

சரி விடு. எதுக்குக் கூப்பிட்டே?... காது டாக்டரா... நாளைக்குக் காலையிலயா... வேணாம். கேன்சல் பண்ணிடு... நான் வரமுடியாதுன்னு சொல்லலடா, யாருமே போக வேணாம்னு சொல்றேன்... அந்த மெஷினும் வேணாம்... வெளிநாட்டு மெஷினா இருந்தா என்ன, காதுக்குள்ள இருக்கறதே தெரியாதுன்னா என்ன... ஏன்னா, அப்பாவுக்குக் காது கேக்குது.

ஹலோ... இருக்கியா?

நான் ஒண்ணும் உளறல. நல்லா கேக்குது. உனக்கும் எனக்கும் கேக்கறதவிட நல்லா கேக்குது... எந்த டாக்டர்கிட்டயும் காட்டல. ராஜாகிட்ட காட்டினோம்.

ராஜாடா. ராஜா. கிரீடம், இடுப்புல வாள், ஒரு பக்கம் பிரிஞ்சு தொங்கற ஒட்டு மீசை... நான் தெளிவாத்தான் இருக்கேன். நாடகம் பாக்க வந்திருக்கோம்... நாடகம். மேடையில நடிக்கறது... ஆமா, இன்னும் இருக்கு. மனுஷங்க நேர்ல வந்து, நம்ம கண்ணு முன்னாடி நின்னு, வேர்க்க வேர்க்க நடிக்கறாங்க. பிடிக்கலன்னா போன்ல மாதிரி விரலால தள்ளிவிட முடியாது, பாத்துத்தான் ஆகணும். உனக்கெல்லாம் ரொம்பக் கஷ்டம்...

எங்கேன்னா, பழைய அச்சாபீஸ் கட்டடம் ஒண்ணு இருக்கே, அதுலதான். உள்ள கறுப்புத் துணி கட்டி, மடக்கு நாற்காலி போட்டு, மூலைக்கு ஒரு ஃபேன் வச்சிருக்காங்க. உன் அத்தான் முடிவெட்டற கடையில போஸ்டரப் பாத்துட்டு வந்தாரு. குடும்பத்தோட வந்தா மொத்தமா ஒரே டிக்கெட்டு, வயசானவங்களுக்கு டிக்கெட்டே கிடையாதாம். நீ போன மாசம் மால்ல ஒரு பக்கெட் பாப்கார்ன் வாங்கி போட்டோ போட்டியே, அந்தக் காசுல எங்க தெருவே வந்து பாத்துட்டுப் போகலாம்...

குத்திக் காட்டலடா. கணக்குச் சொன்னேன்...

கேளு. அப்பாவ வீட்ல தனியா விட முடியாது. பாப்பாவுக்கு நாடகம் காட்டறேன்னு சத்தியம் பண்ணியாச்சு. சரி, அவருக்குத்தான் ஒண்ணும் கேக்காது, கலர் லைட்டையும் வேஷத்தையுமாவது பாக்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன்... ஆமா, எனக்குத்தான் புத்தி இல்ல. காது கேக்காத மனுஷன நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போற அளவுக்கு முட்டாள் நான். நீ புத்திசாலி, ஹால்ல ஒரு சோபாவுல உக்கார வச்சு, டிவிய சத்தமில்லாமப் போட்டு வைப்பே. அவருக்குத்தான் கேக்காதே, கரண்ட் எதுக்கு வேஸ்ட்டுன்னு...

சரி சரி, கோபப்படாத. கேக்கறியா இல்லயா?

அப்பா நேரா கடைசி வரிசைக்குப் போய் தூண் பக்கத்துல உக்காந்துட்டாரு. நான் முன்னாடி வாங்கன்னு கைய ஆட்டி ஆட்டி ஜாடை காட்டறேன், அசையல. சரின்னு நாங்களும் அங்கயே உக்காந்தோம். உன் அத்தான் லைட்டு அணையறதுக்கு முன்னாடியே தூங்கிட்டாரு. அவரு போஸ்டர்ல வேற எதையும் பாக்கலடா, ‘இருட்டரங்கம்’னு போட்டிருந்ததைத்தான் பாத்திருக்காரு...

கதைதானே, சொல்றேன். ஒரு ராஜா. அவர்கிட்ட யாரும் உண்மையே பேசறதில்ல. ‘மகாராஜா நல்லா பாடறீங்க, மகாராஜா இளைச்சிட்டீங்க’ன்னு ஒரே புகழ்ச்சி. ஆளப் பாத்தா அரிசி மூட்டைக்கு பட்டுச் சால்வை போத்தின மாதிரி இருக்காரு. அவருக்கே சந்தேகம் வந்து, ஒரு நாள் மயங்கி விழுந்த மாதிரி சிம்மாசனத்துலேயே சாஞ்சுக்கறாரு. கண்ண மூடிக்கிட்டாரு. ரெண்டு மந்திரிங்க ஓடி வந்து தட்டிப் பாக்கறாங்க, கிள்ளிப் பாக்கறாங்க, மூக்குல மயிலிறக விட்டுப் பாக்கறாங்க. அசையல. சரி, இவருக்கு இனிமே ஒண்ணும் தெரியாதுன்னு அங்கேயே உக்காந்து பேச ஆரம்பிச்சிட்டாங்க. அந்தப்புரத்த யார் எடுத்துக்கறது, யானையெல்லாம் யாருக்கு, பட்டத்து யானை தின்ற தீனிய யார் கொடுக்கறதுன்னு...

சிரி, சிரி. நானும் அந்த இடத்துல வயித்தப் பிடிச்சிட்டுத்தான் சிரிச்சேன். எல்லாம் எடுத்துக்கிட்டாச்சு, ஒண்ணே ஒண்ணு பாக்கி. ராஜாவ எங்க வைக்கறது? முதல் மந்திரி யோசிக்கறான். ரெண்டாவது மந்திரி சொல்றான், ‘குதிரை லாயத்துக்கு மேல ஒரு அறை சும்மாத்தான் இருக்கு. காத்தோட்டமா இருக்கும். அவருக்கு என்ன தெரியப் போகுது’ன்னு...

என்ன, சிரிப்ப நிறுத்திட்டே?...

உன்னச் சொல்லலடா. ரெண்டாவது மந்திரியச் சொன்னேன்...

இரு, இரு. பாப்பா... என்னம்மா... அந்த வாள் அட்டையில பண்ணது, விலைக்குத் தரமாட்டாங்க... அப்பாகிட்ட போய் கேளு... தூங்கினா எழுப்பிக் கேளு... மாமாகிட்ட பேசிட்டிருக்கேன்ல, போ... ஹலோ. ஆங்.

அந்த ரெண்டு பேரும் உள்ள போனதும் ராஜா ஒரு கண்ண மட்டும் திறக்கறாரு. மெதுவா மேடை ஓரத்துக்கு வந்து உக்காந்து, எங்களையெல்லாம் பாத்து ரகசியமா கேக்கறாரு. ‘பசங்களா, கேட்டீங்கல்ல? நான் எந்திரிக்கட்டுமா?’... ரகசியம்னா நிஜமாவே ரகசியம்டா. மைக் எல்லாம் இல்ல. எனக்கே பாதிதான் காதுல விழுந்துச்சு. குழந்தைங்கல்லாம் ஒரே கத்து. ‘எந்திரிங்க, எந்திரிங்க’ன்னு நம்ம பாப்பா நாற்காலி மேல ஏறி நின்னுட்டா. அவரு கைய உயர்த்தி அடக்கிட்டு, இன்னும் மெதுவா, இன்னொரு தடவ கேக்கறாரு. ‘நிஜமாவே எந்திரிக்கட்டுமா?’

என் பக்கத்துலேருந்து ஒரு குரல். ‘வேணாம். எந்திரிக்காதீங்க.’

அப்பா.

ஆமாடா, நம்ம அப்பா. வேற எந்த அப்பா என் பக்கத்துல உக்காந்திருப்பாரு... அவர் குரல் உனக்குத் தெரியாதா. ரிட்டயர் ஆகற வரைக்கும் கோர்ட் வாசல்ல நின்னு பேரு கூப்பிட்ட குரல். வக்கீல் டீக்கடையில இருந்தாலும் ஓடி வருவாரு. அம்மா போனதுக்கப்புறம் அந்தக் குரலையே நாம கேக்கலடா. ‘ம்’, ‘சரி’, ‘வேணாம்’, அவ்வளவுதானே. இன்னைக்கு அந்த ஹாலே திரும்பிப் பாத்துச்சு. உன் அத்தானே முழிச்சிட்டாரு, பாத்துக்கோ...

எனக்கு நாற்காலிக்கு அடியில போயிடலாம்னு இருந்துச்சு. பாப்பா மட்டும் எல்லார்கிட்டயும் ‘எங்க தாத்தா, எங்க தாத்தா’ன்னு விளம்பரம் பண்றா.

அந்த ராஜா வேஷக்காரர் கெட்டிக்காரர். வேற ஆளா இருந்தா சிரிச்சு மழுப்பிட்டு வசனத்துக்குப் போயிருப்பாங்க. இவரு அப்படியே நின்னு கடைசி வரிசையப் பாத்து, அதே ரகசியக் குரல்ல கேக்கறாரு. ‘ஏன் பெரியவரே, எந்திரிச்சா என்ன?’

அப்பா யோசிக்கவே இல்ல. ‘எந்திரிச்சா பேச்ச நிறுத்திருவாங்க’ன்னாரு.

‘நிறுத்தட்டுமே, நல்லதுதானே?’

‘நல்லதுதான். ஆனா உங்களப் பத்திப் பேசறதுக்காகவாவது எல்லாரும் ஒண்ணா உக்காந்திருக்காங்க. நீங்க எந்திரிச்சா ஆளுக்கு ஒரு பக்கம் போயிருவாங்க. அப்புறம் இவ்வளவு பெரிய அரண்மனையில நீங்க மட்டும் என்ன பண்ணுவீங்க?’

...

இரு, முழுசாக் கேளு.

யாரும் சிரிக்கல. ராஜா கிரீடத்தக் கழட்டி மடியில வச்சிக்கிட்டாரு. அது நாடகத்துல இருக்கற விஷயமா, அவரா பண்ணதான்னு தெரியல. அப்புறம், ‘பெரியவர் சொல்றது சரிதான். ஆனா நான் எந்திரிக்கலன்னா அடுத்த காட்சி வராது, மன்னிச்சிருங்க’ன்னாரு. அப்பத்தான் எல்லாரும் சிரிச்சு, தட்டினாங்க. அப்பாவும் பெருந்தன்மையா தலைய ஆட்டி ‘சரி, எந்திரிங்க’ன்னாரு. தீர்ப்பு சொல்ற மாதிரி...

என்ன? ஏமாத்திட்டாரா?... ஆமா. ஏமாத்திட்டாரு. போலீஸ்ல சொல்லலாமா? ‘ஐயா, எங்க அப்பாவுக்குக் காது கேக்குது, உடனே நடவடிக்கை எடுங்க’ன்னு எழுதிக் கொடு, நானும் கையெழுத்துப் போடறேன்...

நீ இப்ப எத நினைக்கறேன்னு எனக்குத் தெரியும். உன் வீட்டு ஹால்ல நாம அன்னைக்குப் பேசினதத்தானே... ஆமா. நானும் அதைத்தான் நினைச்சேன். மிச்ச நாடகத்துல யார் வந்தா, யார் போனான்னே எனக்குத் தெரியாது. அன்னைக்கு அவரு எங்க உக்காந்திருந்தாரு? நமக்கு நடுவுல. சோபாவுல. பேப்பரப் பிடிச்சிட்டு. நீ அவருக்கு மேலயே எட்டி எங்கிட்ட பிஸ்கட் தட்ட நீட்டினே. அவரோட ரூம உனக்கு ஆபீஸ் ரூமா மாத்தணும், மொட்டைமாடி ரூம் அவருக்குப் போதும், காத்தோட்டமா இருக்கும்னு...

நீ சொல்லலன்னு சொல்லாதடா. ‘காத்தோட்டமா’ங்கற வார்த்தை வரைக்கும் அதேதான். அந்த நாடகம் எழுதினவன் உன் ஜன்னலுக்குக் கீழ நின்னு எழுதினானோ என்னமோ...

நானா? நான் மட்டும் மகராசியா. அதுக்கு நான் என்ன பதில் சொன்னேன்? ‘என் வீட்ல மொட்டைமாடிக்கு ஏணி கூட இல்லப்பா, நீயே வச்சுக்கோ’ன்னேன். சொல்லிட்டு ரெண்டு பேரும் சிரிச்சோம். அவரு பேப்பரத் திருப்பினாரு. நிதானமா. வரி விளம்பரம் வரைக்கும் படிச்சாரு...

ம்... ம்...

கேட்டேன். கேக்காம இருப்பேனா. இடைவேளையில வெளிய கூட்டிட்டு வந்து, கையில டீயக் கொடுத்து, பழக்கதோஷத்துல ஜாடையெல்லாம் காட்டி, ‘ஏம்பா இப்படிப் பண்ணீங்க’ன்னேன். ‘கைய ஆட்டாம கேளு, டீ சிந்துது’ன்னாரு...

சிரிக்கறியா அழறியா? ரெண்டுல ஒண்ணு பண்ணு...

என்ன சொன்னாருன்னா... இரு, அவர் சொன்ன மாதிரியே சொல்றேன். ‘உங்கம்மா போனதுக்கப்புறம் எல்லாரும் எங்கிட்ட ஆஸ்பத்திரியில பேசற மாதிரியே பேசினீங்க. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, தூங்கினீங்களா. வேற பேச்சே இல்ல. நான் உள்ள வந்தா சிரிப்பு நின்னுரும். ஒரு நாள் தம்பி என்னமோ கேட்டான், நிஜமாவே எனக்குக் காதுல விழல. ஜலதோஷம். இவருக்குக் கேக்கல போலன்னுட்டு, நீங்கபாட்டுக்கு உங்களுக்குள்ள பேச ஆரம்பிச்சீங்க. சண்டை போட்டீங்க, சிரிச்சீங்க, என் மருமகள் என் முன்னாடியே என்னப் பத்தி ஒரு ஜோக் சொன்னா. நல்லா இருந்துச்சு. உங்கம்மா இருந்தப்ப வீடு எப்படி இருந்துச்சோ அப்படி இருந்துச்சு. ஜலதோஷம் போச்சு. நான் சொல்லல’ன்னாரு...

அவ்வளவுதான். வேற காரணமே இல்ல. மாடி ரூம் பத்தி ஒரு வார்த்தை பேசல. நான்தான், ‘அன்னைக்குப் பேசினதெல்லாம் கேட்டுச்சாப்பா’ன்னேன். ‘எல்லாந்தான் கேட்டுச்சு. ஆனா நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நாளைக்கப்புறம் ஒண்ணா சிரிச்சீங்க’ன்னாரு. திட்டியிருந்தா கூட நிம்மதியா இருந்திருக்கும்டா. பாராட்டிட்டாரு...

இல்ல... இல்லடா... அழாத. உன் வீட்டுக்காரி பாத்தா மீட்டிங்ல என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துக்கப் போறா...

இப்பவா? இப்ப அவரு உள்ள இருக்காரு, வேஷம் போடற ரூம்ல. நாடகம் முடிஞ்சதும் ராஜா நேரா எங்ககிட்ட வந்துட்டாரு. மீசைய எடுத்தா நம்ம பேங்க் மானேஜர் மாதிரி இருக்காரு, கொஞ்சமும் கம்பீரம் இல்ல. ‘நான் இந்த வேஷத்த இவ்வளவு நாளா போடறேன், எந்திரிக்காதேன்னு ஒருத்தர் சொல்லி இன்னைக்குத்தான் கேட்டேன்’னு சொல்லி அப்பா கையப் பிடிச்சிக்கிட்டாரு. உள்ள கூட்டிட்டுப் போயிட்டாரு. இங்கேருந்து பாத்தா தெரியுது. சுத்தி மந்திரிங்க, காவல்காரன், ராணி எல்லாரும் தரையில உக்காந்திருக்காங்க, அப்பா நடுவுல சிம்மாசனத்துல உக்காந்து கோர்ட் கதை சொல்லிட்டிருக்காரு... நிஜ சிம்மாசனம் இல்லடா, பிளைவுட். இருந்தாலும் பொருத்தமாத்தான் இருக்கு...

சாயந்திரம் இன்னொரு காட்சி இருக்காம். அப்பா கண்டிப்பா இருக்கணும்னு சொல்லிட்டாங்க. இந்த நாடகத்தப் போடறவரு, ஒல்லியா ஒருத்தர், அவரு வந்து, ‘ஐயா, அதே இடத்துல அதையே சொல்லுங்க, ரொம்ப நல்லா எடுபட்டுச்சு’ன்னாரு. அப்பா முடியாதுன்னுட்டாரு. ‘நான் என்ன நடிகனா? அவர் கேட்டாரு, எனக்குத் தோணினத சொன்னேன். மறுபடி கேட்டா, அப்ப என்ன தோணுதோ அதத்தான் சொல்லுவேன்’னாரு. அந்த ஒல்லி ஆளுக்கு இப்பவே வேர்த்துக் கொட்டுது...

யாரு, நாங்களா? உன் அத்தான் பாப்பாவக் கூட்டிட்டு வீட்டுக்குப் போறாரு. அவளுக்கு நாளைக்குப் பரீட்சை. அவருக்கும் தூக்கம் பாதியில நின்னுருச்சு. நான் மட்டும் அப்பாவோட இருக்கேன்...

என்ன சொன்னே? சத்தமாச் சொல்லு. அந்த மிக்ஸிய யாராவது நிறுத்துங்களேன்...

நீயா? வர்றியா?... வாயேன். யார் வேணாம்னா. மீட்டிங் என்னாகறது?... ஓஹோ, முடிஞ்சிருச்சா. இப்பத்தான் முடிஞ்சுதா. நல்ல கம்பெனிடா...

டிக்கெட்டெல்லாம் வாசல்ல ஒரு அம்மா மேசை போட்டு உக்காந்திருக்காங்க, அவங்ககிட்ட கிடைக்கும். உன் வசதிக்கு இங்க பால்கனி, சோபா எல்லாம் இல்ல. மடக்கு நாற்காலிதான். உக்காரும்போது விரல் மாட்டிக்காம பாத்துக்கோ...

அப்பாகிட்ட என்ன சொல்லணும்னா?... ஒண்ணும் சொல்ல வேணாம். வாசல்லயே ஆரம்பிச்சு மன்னிப்புக் கேட்டு சீன் போடாத. இங்க அதுக்குன்னு சம்பளம் வாங்கற ஆளுங்க இருக்காங்க. பேசாம வந்து பக்கத்துல உக்காரு. அதான் இதுல ஒரு சௌகரியம். லைட்ட அணைச்சிட்டா யாரும் யார்கூடயும் பேச வேண்டியதில்ல. ஒண்ணா உக்காந்து ஒரே பக்கம் பாத்தா போதும்...

ஆமா, வரும். அந்தக் காட்சியும் வரும். ரெண்டு மந்திரியும் வருவாங்க, குதிரை லாயமும் வரும். கேட்டுத்தான் ஆகணும். எழுந்து போன் பேசப் போறேன்னு வெளிய ஓடினா நான் கைய விடமாட்டேன்...

அவர் இந்தத் தடவ என்ன சொல்லுவாருன்னு எனக்கென்னடா தெரியும். நானும் கேட்டுப் பாத்தேன். ‘ஏம்பா, ராஜா மறுபடியும் எந்திரிக்கட்டுமான்னு கேட்டா என்ன சொல்லப் போறீங்க?’ன்னு. அவரு மந்திரிங்க கொடுத்த டீய முழுசாக் குடிச்சு முடிச்சாரு. அப்புறம் சொன்னாரு.

‘பக்கத்துல யார் வந்து உக்கார்றாங்கன்னு பாத்துட்டு சொல்றேன்’னாரு.

...

ஹலோ... ஹலோ... என்ன சத்தம் அது, கதவா?... கிளம்பிட்டியா?... சட்டையாவது மாத்து, வீட்டுச் சட்டையோட... சரி, அப்படியே வா. இந்த இருட்டுல யார் பாக்கப் போறாங்க... மெதுவா ஓட்டு... ஆமா... ஆமா, தூண் பக்கத்துல. கடைசி வரிசை. ஒரு நாற்காலி பிடிச்சு வைக்கறேன்... இல்ல, என் பக்கத்துல இல்ல. அப்பாவுக்கு அந்தப் பக்கம்... வை. வண்டி ஓட்டும்போது பேசாத. வைடா போன...